ஏழு தடவை கடல் கடக்கும் படம்

கலிபோர்னியாவில் ஒரு வழங்கி, அதாவது இணையத்தளத்தைத் தாங்கிநிற்கும் கணினி. அதிலுள்ள படமொன்றை யாழ்ப்பாணத்து நீர்வேலியில், வாழைத்தோட்டத்து வரம்பில் நின்றபடி ஒருவர் கைபேசியில் திறக்கிறார். இடைத்தூரம் 14,000 கிலோமீற்றருக்கு மேல். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கேபிள் நேராகவே கிடந்தாலும் போய்வர 0.14 நொடி. எந்தப் பொறியியலாளராலும் இதைக் குறைக்க முடியாது.

0.14 நொடி கண்சிமிட்டும் நேரம்தான். ஆனால் படம் ஒரே நடையில் வராது. இணைப்பை ஏற்படுத்த ஒரு நடை, இரகசியக் குறியீட்டைப் பேசித் தீர்க்க இன்னொன்று. பிறகும் வழங்கி எல்லாவற்றையும் கொட்டிவிடாது. வழியில் நெரிசல் உண்டோ என்று அதற்குத் தெரியாதே! முதலில் 10 பொட்டலம், சுமார் 14 கிலோபைற். ‘கிடைத்தது’ என்று பதில் வந்தால் 20, பிறகு 40, 80. 300 கிலோபைற் படத்துக்கு இப்படி ஐந்து நடை. மொத்தம் ஏழு; ஒரு நொடி போய்விட்டது. கூடப் பணம் கட்டி வேகமான இணைப்பு எடுத்தாலும் இந்த நொடி குறையாது.

தூரத்தைக் குறைப்பதுதான் வழி. சீனி வாங்க யாரும் கொழும்புக்குப் போவதில்லை, சங்கக்கடையில் இருக்கிறது. அதுபோல, தளத்தின் பிரதிகளை ஊர் ஊராக வைத்திருப்பதே உள்ளடக்க விநியோக வலையமைப்பு, சுருக்கமாக சி.டி.என். சி.டி.என். நடத்தும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் வழங்கிகள் கொழும்பிலேயே உள்ளன. கேபிள் 400 கிலோமீற்றர் என்று வைத்தால் ஒரு நடைக்கு 0.004 நொடி, ஏழு நடைக்கும் 0.03 நொடிகூட ஆகாது.

கைபேசிக்குக் கொழும்பை யார் காட்டுவது? ஒரே இணைய முகவரியை உலகின் பல நகரங்கள் ஒரேநேரத்தில் ‘இது என்னுடையது’ என்று அறிவிக்கின்றன. இடையிலுள்ள வழிப்படுத்திகள் தமக்குக் கிட்டிய பாதையைத் தெரிந்தெடுக்கின்றன. பெரும்பாலும் அது அருகிலுள்ள நகரமாகவே அமையும்.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதற்கும் உள்ளே இருக்கிறது. ஒரு நகரத்தில் நூறு வழங்கிகள் இருந்தால், எந்தப் படம் எதில்? ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதை நூறால் வகுத்து மீதியைப் பார்க்கலாம். ஆனால் ஒரு வழங்கி பழுதானால் 99ஆல் வகுக்கவேண்டும். அநேகமாக எல்லாப் படமும் இடம்மாறும். 1997இல் எம்.ஐ.டி.யில் டேனியல் லூவின், டொம் லெய்ட்டன் உள்ளிட்டோர் படங்களையும் வழங்கிகளையும் ஒரே வட்டத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். ஒவ்வொரு படமும் வட்டத்தில் அடுத்துவரும் வழங்கிக்கு உரியது. ஒன்று விழுந்தால் அதன் பங்கு, ஏறத்தாழ நூற்றில் ஒன்று, மட்டுமே நகரும். அடுத்த ஆண்டே லூவினும் லெய்ட்டனும் அக்கமாய் என்ற சி.டி.என். நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

ஆனால் படத்தைப்போல வங்கிக் கணக்கின் மீதியைப் பிரதியெடுத்து வைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் மூல வழங்கியைக் கேட்டேயாகவேண்டும். அங்கும் சி.டி.என். உதவுகிறது. அறிமுக நடைகள் கொழும்போடு முடிந்துவிடும்; கொழும்பு மூல வழங்கியோடு ஏற்கெனவே திறந்துவைத்திருக்கும் இணைப்பில் கேள்வி மட்டும் கடல் கடக்கும், ஒரேயொரு தடவை.