நிரல் யாரிடம் பேசுகிறது? முனையத்தின் வகையைக் கண்டறிதல்

நெகிரி செம்பிலான், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், செம்பனைக் குலைகளின் தினசரி எடையைக் கூட்டும் நிரலைப் பைத்தானில் எழுதியிருந்தார். எடை குறைந்த நாள் சிவப்பில் தெரியும். திரையில் அருமையாக வந்தது. அதையே கோப்பில் சேமித்து, அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தால், அந்த எண்களுக்கு முன்னால் ஒரு சதுர அடைப்பு, 31, 'எம்' என்று ஒரே குப்பை. "சார், பிரிண்டர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். பிரிண்டர் மேல் தப்பில்லை.

முனையம், அதாவது டெர்மினல், எழுத்தையும் கட்டளையையும் ஒரே வழியில்தான் வாங்குகிறது. 27ஆம் எண் கொண்ட எஸ்கேப் எழுத்து வந்தால், அடுத்து வருவதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 31 என்றால் சிவப்பு. கோப்புக்கு இதெல்லாம் தெரியாது. வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பெரட்டுக்களத்தில் கிராணி பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். அந்தச் சத்தத்தைச் செக்ரோலில் எழுதமாட்டார் இல்லையா?

ஆகவே நிரல் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பசங்க இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

முதலாவது, அந்தப் பக்கம் இருப்பது முனையம்தானா? பைத்தானில் 'சிஸ்' தொகுதியின் 'எஸ்டிடிஅவுட்'டிடம் 'இஸ்ஏடிடிஒய்' என்று கேளுங்க. ஆம், இல்லை என்று பதில் வரும். (டிடிஒய் என்பது டெலிடைப்பின் சுருக்கம். திரையே இல்லாமல் காகிதத்தில் அடித்த காலத்துப் பெயர்.)

இரண்டாவது, அது எந்த வகை முனையம்? லினக்ஸ், மேக் கணினிகளில் 'டெர்ம்' என்ற சூழல் மாறியில் பெயர் இருக்கும்: 'விடி100', 'எக்ஸ்டெர்ம்-256கலர்', 'டம்ப்'. விடி100 என்பது 1978இல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட முனையம். அதில் நிறமே கிடையாது. டம்ப் என்றால் வெறும் எழுத்து மட்டும். அந்தப் பெயரை டெர்மின்ஃபோ என்ற தரவுத்தளத்தில் தேடினால் எத்தனை நிறம், திரையைத் துடைக்க என்ன குறியீடு என்ற விவரம் கிடைக்கும்.

டெர்மை மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினாலும் அந்த மாறியின் மதிப்பு மாறாது. மாணவர் மாட்டிக்கொண்டது இதில்தான். அவர் டெர்மைப் பார்த்திருந்தார். முதல் கேள்வியைக் கேட்கவில்லை.

விண்டோஸில் டெர்ம் பெரும்பாலும் இருக்காது. அதை வைத்து நிறம் வராது என்று முடிவுகட்டாதீங்க. விண்டோஸ் 10இன் கட்டளைத் திரை இந்தக் குறியீடுகளை ஏற்கும். ஆனால் அந்த வசதியை நிரல் முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும்.

மாணவர் ஒரு நிபந்தனை வரி சேர்த்தார். இப்போது திரையில் சிவப்பு. அப்பாவின் காகிதத்தில், எடை குறைந்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு உடுக்குறி.