மருந்துண்டும் ஆறாத இரைப்பைப் புண்

கவலையும் காரமும் அமில மிகுதியுமே இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் மருத்துவர் இருவர், நோயாளரின் இரைப்பைத் திசுவினின்றும் ஒரு நுண்ணுயிரை வளர்த்தெடுத்தனர். ஹெலிகோபாக்டர் பைலோரி என இன்று வழங்கப்படுவது அதுவே. 1984இல் மார்ஷல் அதனைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

காரணம் தெளிந்தது, மருந்தும் உண்டு. ஆயினும் சிலருக்குப் புண் ஆறுவதில்லை. அஃது ஏன்? நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்துள்ளார். அவ்வழி நின்று விடை காண்போம்.

முதற்கண் மருந்து. அமிலத்தைக் குறைக்கும் மருந்தொன்றும் நுண்ணுயிர்க்கொல்லிகள் இரண்டும் பல்லாண்டுகளாக வழங்கப்பட்டு வந்தன. அவற்றுள் கிளாரித்ரோமைசினை, மரபணு மாற்றம் பெற்ற கிருமிகள் எதிர்த்து நிற்கின்றன. வயிற்றுக்கடுப்புக்கென நம் நாட்டில் மிகுதியாக உண்ணப்பட்ட மெட்ரோனிடசோலுக்கும் அவை பலவிடத்து அடங்குவதில்லை. ஆதலின் பிஸ்மத் சேர்ந்த நான்மருந்துக் கூட்டு இன்று முதன்மை பெற்று வருகின்றது.

அடுத்து நோயாளி. 14 நாள் உண்ணவேண்டியதை வலி தணிந்தவுடன் நிறுத்துவோர் உளர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. அமிலக் குறைப்பு மருந்தை உணவுக்கு அரைமணி முன்னர் உண்ணாவிடின் அதன் ஆற்றல் குன்றும். அமிலம் குறையாவிடின் நுண்ணுயிர்க்கொல்லியின் வலிமையும் குன்றும். சிலருடைய உடலோ அம்மருந்தை இயல்பாகவே விரைந்து சிதைத்துவிடுகின்றது. புகைப்பழக்கமும் தடையே.

மூன்றாவது மருத்துவர். மூட்டுவலி மாத்திரைகளே சிலருக்குப் புண்ணை விளைவிக்கின்றன. அதனைக் கேட்டறியாது அளிக்கும் மருந்து பயன் தாராது. புண்போல் தோன்றும் புற்றுநோயும் உண்டாதலின், ஆறாத புண்ணில் திசு எடுத்து ஆராய்தல் வேண்டும். சிகிச்சை முடிந்து 4 வாரமேனும் கழிந்தபின் மூச்சுச் சோதனை முதலியன செய்தாலன்றிக் கிருமி ஒழிந்ததாகக் கொள்ளலாகாது.

இறுதியாக உடனிருப்போர். நம் இல்லத்து முதியோர் கடையில் வாங்கியுண்ணும் வலி மாத்திரைகளை மருத்துவரிடம் கூறுவதில்லை. அதனை எடுத்துரைப்பது நம் கடமை. இதயநோய்க்கு உண்ணும் ஆஸ்பிரினையோ மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. இரத்த வாந்தியோ தார் போன்ற கரிய மலமோ கண்டால் நொடியும் தாழ்த்தலாகாது.

நான்கு தூண்களுள் ஒன்று சாயினும் கூரை நில்லாது. மருந்தைப் பழிக்குமுன் அந்நான்கையும் நோக்குவோமாக.