போர் முடிந்த எட்டாம் நாள் விழுந்த விமானம்

1945 ஆகஸ்டு 15ஆம் தேதி ஜப்பானியச் சக்ரவர்த்தி வானொலியில் பேசினார். போர் முடிந்தது. ஆனால் அந்தச் செய்தி மலாயாவில் எல்லாருக்கும் உடனே எட்டவில்லை. தோட்டப்புறங்களில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளைக் கடத்திக்கொண்டிருந்த நம் பாட்டன், பாட்டிகள் பலருக்கு, ‘ஜப்பான்காரன் தோற்றுவிட்டான்’ என்பது காதோடு காதாகத்தான் வந்து சேர்ந்தது.

அதற்கு எட்டு நாள் கழித்து, ஆகஸ்டு 23ஆம் தேதி, இந்துமாக்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளிலிருந்து நான்கு இயந்திரங்கள் கொண்ட ஒரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் மலாயாவை நோக்கிக் கிளம்பியது. உள்ளே எட்டுப் பேர். விமானம் திரும்பவில்லை. நெகிரி செம்பிலானில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள தெலாப்பா புரோக் மலைக்காட்டில் மோதி நொறுங்கிப்போனது. அந்த எட்டுப் பேரும் கோலாலம்பூர் செராஸ் சாலையில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்ட நாள் 2012 அக்டோபர் 18. இடையில் ஓடியவை 67 ஆண்டுகள்.

போர்தான் முடிந்துவிட்டதே, பிறகு ஏன் பறந்தார்கள்? இந்தக் கதையைக் கேட்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான்.

ஜப்பான் சரணடைவதாக அறிவித்ததற்கும் பிரிட்டிஷ் படை இங்கு வந்து இறங்கியதற்கும் இடையே மூன்று வாரத்துக்கும் மேலான இடைவெளி இருந்தது. தோக்கியோவில் முறைப்படி கையெழுத்தாகும் வரை வேறு எங்கும் யாரும் தரையிறங்கக் கூடாது என்று அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் சொல்லிவிட்டார். செப்டம்பர் 2ஆம் தேதி கையெழுத்தானது. கிள்ளானிலிருந்து காரில் போய் மாலைக் காற்று வாங்கும் மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ், இந்தியப் படையினர் இறங்கியது செப்டம்பர் 9ஆம் தேதி. கோலாலம்பூரில் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டது அதற்கும் நான்கு நாள் கழித்து, விக்டோரியா கல்விக்கூடத்தில்.

அந்த இடைக்காலம் பயங்கரமானது. ஜப்பானியர் தங்கள் முகாம்களுக்குள் ஒதுங்கிக்கொள்ள, காட்டிலிருந்து வெளியே வந்த மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படை பல ஊர்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பழிவாங்கல்களும் இனமோதல்களும் வெடித்தன. அந்தக் கொரில்லாக்களோடு காட்டுக்குள் இருந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தான் ‘ஃபோர்ஸ் 136’ என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையினர். 1943 மே மாதம் நீர்மூழ்கியில் வந்து இறங்கிய ஜான் டேவிஸ், ஜப்பானியரிடம் பிடிபட்டு 1944இல் பத்து காஜா சிறையில் உயிர்விட்ட லிம் போ செங் ஆகியோர் இந்தப் படையைச் சேர்ந்தவர்களே. இவர்களுக்கு உணவு, மருந்து, ஆயுதம், வானொலிக் கருவி எல்லாமே கடைசிக் காலத்தில் வானத்திலிருந்துதான் வந்தன. போர் முடிந்ததாக அறிவித்துவிட்டதால் காட்டில் இருந்தவர்களின் பசி தீர்ந்துவிடவில்லை. ஆகஸ்டு 23 அன்று கிளம்பிய விமானமும் அவர்களுக்கான பொருள்களைப் போடத்தான் வந்தது.

பெயரில் ஒரு பாம்பு

விமானத்தின் வகை பி-24 லிபரேட்டர். எண் கேஎல் 654. 356ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் விமானம் என்கிறோமே தவிர, லிபரேட்டர் பிறந்தது அமெரிக்காவில். போர்க்காலத்தில் 18,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. குத்தகை ஒப்பந்தத்தில் பிரிட்டன் ஏராளமாக வாங்கிக்கொண்டது. லங்காஸ்டர் போன்ற பிரிட்டனின் சொந்தக் கனரக விமானங்கள் ஐரோப்பாவில் பறந்தபோது, ஆசியாவின் நீண்ட தூரங்களுக்கு லிபரேட்டரே பொருத்தமாக இருந்தது.

இந்த விமானத்தைப் பற்றிய செய்திகளில் ‘ஸ்நேக்’, அதாவது பாம்பு, என்ற சொல் அடிக்கடி வரும். ஏதோ செல்லப்பெயர் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது ஓர் அலுவலகக் குறி. கிழக்கே அனுப்பப்படும் புதிய விமானங்களை வழியில் மத்திய கிழக்கில் உள்ள தளபதிகள் ‘நமக்கு ஆகட்டும்’ என்று நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இருந்தது. இது ஆசியாவுக்குப் போகிற சரக்கு, கை வைக்காதே என்பதற்கான அடையாளம்தான் அந்தப் பாம்பு. போர்க்காலத்திலும் அலுவலகச் சண்டை அலுவலகச் சண்டைதான்.

கோகோஸிலிருந்து கோலாலம்பூர் சுமார் 1,800 கிலோமீட்டர். வழி நெடுகக் கடல், பிறகு சுமத்ராவின் மலைகள், பிறகு மலாக்கா நீரிணை, அதன்பின் நம் தித்திவாங்சா மலைத்தொடர். இறக்கத்தை முடித்துவிட்டு அதே தூரம் திரும்ப வேண்டும். கோகோஸில் தென்னைகளை வெட்டிச் சாய்த்துப் போட்ட ஓடுதளம் 1945இல்தான் தயாரானது. அதற்கு முன்பிருந்தே இலங்கையின் மின்னேரியாவிலிருந்து மலாயாவுக்குப் பறந்தார்கள். அது போக மட்டும் 2,300 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆனது. சென்னைக்குப் போகும்போது விமான நிலையத்தை ஒட்டிப் பரங்கிமலையைப் பார்க்கிறோமே, 1944இல் அங்கும் ஒரு லிபரேட்டர் படைப்பிரிவு இருந்தது. எண் மாற்றப்பட்டு அதுவும் பின்னர் மின்னேரியாவுக்குப் போய், மலாயாவுக்கான ரகசியப் பயணங்களில் சேர்ந்துகொண்டது.

குண்டு வீசுவதைவிட இந்தப் பொருள் இறக்கும் வேலை ஒரு வகையில் ஆபத்தானது. குண்டு வீசுபவர் உயரத்தில் இருக்கலாம். பாரசூட்டில் பெட்டி இறக்குபவர் சில நூறு அடி உயரத்துக்கு இறங்கி வந்தாக வேண்டும். காட்டில் கொரில்லாக்கள் மூட்டிய தீயையோ விரித்த துணியையோ கண்ணால் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றிலும் மலை, மலை மேல் மேகம். ஜெலுபு மலைப்பாதையில் மழை நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த மேகம் எப்படிச் சட்டென்று கண்ணை மறைக்கும் என்று தெரியும். முப்பது மீட்டருக்கும் அதிக இறக்கை அகலம் கொண்ட ஒரு விமானத்தை அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் திருப்புவது எப்படி இருந்திருக்கும்!

குண்டு விழுந்த பிரிக்பீல்ட்ஸ் பக்கம்

கனரகக் குண்டுவீச்சு விமானம் என்றாலே நம் தலைநகரின் மூத்த குடும்பங்களுக்கு நினைவு வருவது செந்தூல். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் வங்காளத்தின் கரக்பூர் வட்டாரத்திலிருந்து வந்து கோலாலம்பூரின் ரயில்வே பட்டறைகளைத் தாக்கின. செந்தூல் பட்டறையின் பெரும்பகுதி தரைமட்டமானது. அங்கே வேலை செய்தவர்களில் தமிழர்களே அதிகம். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ்களிலும் வாழ்ந்தவர்கள் இந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த ரயில்வே குடும்பங்கள்.

மார்ச் 10ஆம் தேதித் தாக்குதலில் ரயில்வே தளத்துக்குக் குறிவைத்த குண்டு, டாமன்சாரா சாலையில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மீது விழுந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். மிஞ்சிய பொருள்கள் தைப்பிங் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அதே இடத்தில் 1963இல் திறக்கப்பட்டதுதான் இன்றைய தேசிய அருங்காட்சியகம். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போது சொல்வதற்கு இதைவிட நல்ல கதை உள்ளே இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளில் கிடைக்காது என்பது என் எண்ணம்.

லிபரேட்டருக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் கொண்டு செல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடி உதையும் சேர்ந்து பல்லாயிரம் பேரைக் கொன்றன. 1943 அக்டோபரில் பாதை முடிந்த பிறகும் பலர் பராமரிப்பு வேலைக்காக அங்கேயே வைக்கப்பட்டார்கள். அந்தப் பாலங்களையும் ரயில் நிலையங்களையும் குண்டு போட்டு உடைத்தவை அமெரிக்க, பிரிட்டிஷ் லிபரேட்டர்கள். புகழ்பெற்ற குவாய் ஆற்றுப் பாலம் 1945இல் அப்படித்தான் உடைந்தது. பாலம் உடைந்தால் ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் ஏவி மறுபடி கட்டச் சொன்னார்கள். மேலே பறந்தவன் விடுவிக்க வந்தவன். கீழே நின்றவனுக்கு அவன் குண்டும் குண்டுதான். இதை மறைத்துவிட்டு லிபரேட்டரின் கதையைச் சொல்ல முடியாது.

பெங்களூரில் பிழைத்தவை

போர் முடிந்ததும் பிரிட்டனுக்கு இந்த விமானங்கள் சுமையாகிவிட்டன. குத்தகை ஒப்பந்தப்படி திருப்பித் தர வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். இந்தியாவில் இருந்தவற்றை கான்பூரில் வரிசையாக நிறுத்தி, கருவிகளைச் சம்மட்டியால் உடைத்து, இயந்திரத்தில் மண்ணைப் போட்டுவிட்டுப் போனார்கள். சுதந்திரம் அடைந்த இந்தியாவுக்கு 1948இல் அவசரமாகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டபோது, பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் பொறியாளர்கள் அந்தக் குப்பையிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட லிபரேட்டர்களை உயிர்ப்பித்தார்கள். கான்பூரில் கிளம்பும் அளவுக்கு ஒட்டுப்போட்டு, சோதனை விமானி ஜிம்மி முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். ஒட்டுப்போட்ட அந்த விமானங்களை 1968 வரை இந்திய விமானப்படை பயன்படுத்தியது.

இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் பல அந்தப் பெங்களூர் விமானங்களே. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள கேஎன் 751 அவற்றில் ஒன்று. 1945இல் அது இருந்த இடம் கோகோஸ் தீவு, 99ஆம் படைப்பிரிவு. காட்டில் விழுந்த கேஎல் 654க்கு ஒரே தளத்துச் சகோதரன் என்று சொல்லலாம்.

ஒரே பெட்டியில் எட்டுப் பேர்

பிரிட்டனின் ஐரோப்பியக் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. நூற்றுக்கு 44 பேர். பெரும்பாலோர் இருபதைத் தாண்டி ஓரிரு வயது ஆனவர்கள். ஜெர்மானிய நகரங்களில் அவர்கள் போட்ட குண்டில் லட்சக்கணக்கான பொதுமக்கள் மாண்டதால், அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்புவதே நீண்ட காலம் சர்ச்சையாக இருந்தது. லண்டன் கிரீன் பார்க்கில் 2012 ஜூன் 28ஆம் தேதிதான் அரசியார் அதைத் திறந்து வைத்தார்.

ஆசியாவில் பறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கல்லறை தெரியாமல் போனவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுத் தூண்களில் இருக்கின்றன. 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் ஆயிரக்கணக்கானவை இந்திய ராணுவத்தினருடையவை.

தெலாப்பா புரோக் காட்டில் கிடந்தவர்களை அந்தப் பட்டியலிலிருந்து மீட்டவர்கள் மலேசியர்கள். 2009இல் மலேசிய ராணுவ அருங்காட்சியகக் குழுவினர் மலையேறி, விமானத்தின் சிதைவுகளுக்கிடையே தோண்டி, எஞ்சியிருந்த எலும்புகளைக் கீழே கொண்டு வந்தார்கள். அறுபது ஆண்டு மழையும் வேரும் புகுந்த மண்ணில் யாருடைய எலும்பு எது என்று பிரிக்கும் நிலையில் அவை இல்லை. அடக்கத்துக்கு மேலும் மூன்றாண்டுகள் ஆயின. அறுபது ஆண்டுக்கு மேல் காத்திருந்த குடும்பங்களை இன்னும் மூன்றாண்டு காக்க வைத்தது அதிகம்தான்.

2012 அக்டோபரில் முழு ராணுவ மரியாதையோடு, எட்டுப் பேரும் ஒரே பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். பிரிட்டனிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். இறந்தவர்களோடு வளர்ந்த தலைமுறை அதற்குள் முதுமை எய்திவிட்டது, பலர் போய்ச் சேர்ந்தும்விட்டார்கள்.

சயாமில் இறந்த நம்மவர்களுக்கு இப்படித் தோண்டி எடுக்க ஒரு குழு போகவில்லை. வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக, பெயரோடு, புல் வெட்டப்பட்டு இருக்கின்றன. தமிழர்கள் பெருங்குழிகளில் கிடக்கிறார்கள். மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அண்மை ஆண்டுகளில்தான் அங்குள்ள ஒரு புத்தக் கோயிலில் நடுகல் நாட்டப்பட்டது. தோட்டக் கணக்குப் புத்தகங்களோடு பல பெயர்களும் போய்விட்டன. குடும்பத்தில் யாராவது ‘சயாமுக்குப் போனவர் வரவே இல்லை’ என்று சொல்லக் கேட்டிருந்தால், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர் ஆகியவற்றை இப்போதே எழுதி வையுங்கள்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து இறந்தவர்களின் பெயர்களைத் தேட ஒரு வழி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிட வேண்டாம். ஆறுமுகத்தையும் முனுசாமியையும் அன்றைய குமாஸ்தாக்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடியெல்லாம் எழுதியிருப்பார்கள். தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் தெரிந்திருந்தால் கண்டுபிடிப்பது எளிது.