மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகள்

“வயது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டது, நிற்கப்போகிற காலத்தில் இப்படித்தான் இருக்கும்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, மாதக்கணக்கில் மிகுதியான உதிரப்போக்கைப் பொறுத்திருந்து, இறுதியில் இரத்தசோகையுடன் மருத்துவமனைக்கு வரும் பெண்கள் பலர். அவர்கள் சொல்வது பாதி உண்மையே.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்த பின்னரே அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். அதற்கு முன் சில ஆண்டுகள் நீளும் இடைக்காலம் ஒன்றுண்டு. அக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைவதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது அணையப்போகும் விளக்கின் சுடரைப் போல ஏறியும் இறங்கியும் ஆடுகிறது. சூலகத்தில் கருமுட்டைகள் குறையக் குறைய, அதனைத் தூண்டுவதற்காகப் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அதன் விளைவாக ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் வழக்கத்தைவிட உயரும், மறுமாதம் தாழும். ஆகவே, ஒரேயொரு இரத்தப் பரிசோதனையைக் கொண்டு இந்நிலையை உறுதிசெய்துவிட இயலாது.

கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்வது ஈஸ்ட்ரோஜன். அதனைக் கட்டுக்குள் வைத்து, உரிய நாளில் சீராக உதிரச் செய்வது புரோஜெஸ்டிரோன். கருமுட்டை வெளிப்படாத மாதங்களில் பின்னது போதிய அளவு சுரப்பதில்லை. சவ்வு தடித்துக்கொண்டே போய், நாள் தள்ளிப் பெருமளவில் உதிர்கிறது. முன்னோர் ‘பெரும்பாடு’ என்றழைத்த துன்பத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கருப்பையின் நார்த்திசுக் கட்டி, தைராய்டு குறைபாடு, அரிதாகப் புற்றுநோய் ஆகியவையும் இதே வடிவில் வரக்கூடும். ஸ்கேனும், தேவையெனில் திசுப் பரிசோதனையும் செய்யாமல் இவற்றை வயதின் கணக்கில் எழுதிவிடுதல் தவறு. மணிக்கொருமுறை நாப்கின் மாற்ற நேர்ந்தாலோ, உதிரம் 7 நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, உறவுக்குப் பின் கசிந்தாலோ காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி தென்பட்டாலும் உடனே வாருங்கள்.

திடீரென உடல் கொதிப்பதும், நள்ளிரவில் வியர்த்து விழிப்பதும் வேறு வகை. ஈஸ்ட்ரோஜனின் மாறுதலால், வெப்பத்தைச் சமன்செய்யும் மூளைப்பகுதி சிறு மாற்றத்திற்கும் மிகையாக எதிர்வினை புரிகிறது. உறக்கம் கெட்ட தாயின் எரிச்சலைக் குணக்கேடாகக் கருதும் வீட்டார் இதனைக் கருத்திற்கொள்வது நலம். இதற்கு ஹார்மோன் சிகிச்சையும், ஹார்மோன் அல்லாத மருந்துகளும் உள்ளன. மார்பகப் புற்றுநோயோ இரத்த உறைவோ முன்பு வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள்.

இக்காலத்தில் கருவுறும் வாய்ப்பும் முற்றிலும் அற்றுப்போவதில்லை. நாள் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்க. கடைசி ஆறு மாத விலக்குத் தேதிகளை ஒரு தாளில் குறித்து வந்தால், மருத்துவரின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.