மாந்தோப்பில் தேன்சிட்டும் புல்லுருவியும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் அணுபுரம், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் முதலிய ஊர்ப் பக்கங்களில் மாமரம் வைத்திருப்போர் யாவரும் புல்லுருவியை அறிவர். அதன் பூக்களைத் தேன்சிட்டு ஓயாது நாடுவதால், அப்பட்சியே புல்லுருவியைக் கொண்டுவந்து சேர்க்கிறதென்று கருதி, அதனை விரட்ட முற்படுவோரும் உளர். இக்கருத்து எவ்வளவு தூரம் சரியென்பதை ஆராய்வோம்.

தேன்சிட்டின் இயல்பு

அமெரிக்கக் கண்டத்து மலைகளில், முகில் படியும் காடுகளில், ஹம்மிங் பறவை என்னும் சிறு பட்சிகள் உண்டு. அவை அந்தரத்தில் நின்றபடியே பூவில் தேன் பருகும். அவ்வினம் நம் தேசத்தில் இல்லை. அதன் தொழிலை இங்கே செய்வது தேன்சிட்டு. இது வேறு குலத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் காம்பிலமர்ந்தே தேனருந்தும். நம் பக்கத்தில் மிகுதியாயுள்ள ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு சுமார் 4 அங்குல நீளமே உள்ளது. ஆணின் கழுத்தும் பிட்டமும் ஊதாவாய் மின்னும், வயிறு மஞ்சள். நாரும் சிலந்தி நூலும் கொண்டு பைபோலத் தொங்கும் கூட்டைக் கட்டி, பொதுவாக 2 முட்டைகள் இடும். தேனோடு பூச்சிகளையும் சிலந்திகளையும் தின்னும். குஞ்சுகளுக்கும் பூச்சிகளை ஊட்டும்.

விதையைப் பரப்புவது எது?

புல்லுருவிப் பூ நீண்ட குழல் வடிவினது. தேன்சிட்டு அதில் அலகை நுழைக்கையில், மகரந்தம் தலையில் ஒட்டி அடுத்த பூவுக்குச் செல்கிறது, காய் பிடிக்கிறது. ஆயின் பழத்தை விழுங்குவது பூங்கொத்தி என்னும் வேறொரு சிறு பட்சி. அதன் எச்சத்தில் வெளிப்படும் விதை பசைபோல் கிளையில் ஒட்டி முளைக்கிறது. இவ்விரு பட்சிகளின் பங்கையும் கொங்கணத்தில் ஆராய்ந்து, சாலிம் அலி 1931-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டார்.

புல்லுருவி தன் இலைகளால் உணவு சமைப்பினும், நீரையும் உப்புச் சத்துக்களையும் மாமரத்தினின்றே உறிஞ்சுகிறது. அதனால் பற்றிய இடத்திற்கு அப்பாலுள்ள கிளை மெலிந்து, காய்ப்புக் குன்றி, நாளடைவில் பட்டுப்போகும்.

செய்ய வேண்டுவன

பட்சிகளை விரட்டுவதால் பயனில்லை. ஒன்று போனால் அடுத்த தோப்பிலிருந்து வேறொன்று வரும். அன்றியும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைக் கொல்லுதல் குற்றமாகும். பரிகாரம் அரிவாளிலேயே உள்ளது.

1. புல்லுருவி பழுக்குமுன் வெட்டுக. பழம் இல்லையேல் பூங்கொத்திக்குப் பரப்ப விதையில்லை.

2. தழையை மட்டும் கழித்தால் மீண்டும் துளிர்க்கும். அது பற்றியுள்ள இடத்திற்குக் கீழே, அடிமரத்தின் பக்கமாகச் சிறிது தள்ளிக் கிளையையே அறுக்க வேண்டும்.

3. மறு வருஷமும் மரங்களைப் பார்வையிட்டு, புதிதாய் முளைத்தவற்றை இளமையிலேயே நீக்குக.

4. வேலியிலும் சாலையோரத்திலும் உள்ள வேம்பு, புங்கு முதலிய மரங்களையும் சோதிக்க வேண்டும்.

ஒருவர் தம் தோப்பைச் சுத்தம் செய்தும் புறம்போக்கு மரங்களில் புல்லுருவி பழுத்துத் தொங்குமாயின், அவர் உழைப்பு வீணாகும். ஆகவே, கிராம அதிகாரிகள் முன்னின்று, ஊரார் யாவரும் ஒரே பருவத்தில் இவ்வேலையை முடிக்கும்படி ஏற்பாடு செய்தல் நலம். புல்லுருவி ஒழிந்த தோப்பிலும் தேன்சிட்டு இருக்கும். மற்றப் பூக்களை நாடிச் சென்று, பூச்சிகளைத் தின்று, குடியானவருக்கு உதவியாகவே வாழும்.