முதுமைக்கு விசா: நான்கு நாடுகள், நான்கு நிபந்தனைகள்

வேலைக்கும் படிப்புக்குமாக அயல்நாடு சென்று அங்கேயே நிலைத்துவிட்டவர்கள், ஊரில் தனித்திருக்கும் வயதான தாய் தந்தையரைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள முயலும்போதுதான், தாம் குடியேறிய நாட்டின் சட்டம் குடும்பம் என்று யார் யாரைக் கணக்கில் கொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். மேலை நாடுகளின் குடிவரவுச் சட்டங்களில் குடும்பம் என்பது பெரும்பாலும் கணவன், மனைவி, மணமாகாத இளம் பிள்ளைகள் ஆகியோரோடு முடிந்துவிடுகிறது. பெற்றோர் தனி நிபந்தனைகளின் பேரிலேயே உள்ளே வர முடியும். அந்த நிபந்தனைகளும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அமெரிக்கா பிள்ளையின் குடியுரிமையைக் கேட்கிறது; பிரிட்டன் பெற்றோரின் நோயைக் கேட்கிறது; கனடா அதிர்ஷ்டத்தையும், ஆஸ்திரேலியா பணத்தோடு காலத்தையும் கேட்கின்றன.

இந்தக் கெடுபிடிகளுக்குப் பின்னால் இருப்பது வரவு செலவுக் கணக்கு. முப்பது வயதில் வந்து சேரும் பொறியாளரோ செவிலியரோ பல பத்தாண்டுகள் வரி செலுத்துவார்; எழுபது வயதில் வருபவரோ வரி செலுத்தாமலேயே மருத்துவமனைகளையும் முதியோர் பராமரிப்பையும் பயன்படுத்தும் பருவத்தில் இருக்கிறார். அரசுகள் முன்வைக்கும் இந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால், பேரப்பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்வதால் தாயும் தந்தையும் வேலைக்குப் போய் வரி கட்டுவதும், பெற்றோரைக் கவனிக்க வழியில்லாமல் அனுபவமிக்க ஊழியர்கள் தாயகம் திரும்ப நேர்வதும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

அமெரிக்கா: எளிய வழி, ஒரே பூட்டு

நான்கில் சட்டப்படி தாராளமான ஏற்பாடு அமெரிக்காவினுடையது. அங்கே 21 வயது நிறைந்த குடிமகனோ குடிமகளோ பெற்றோருக்காக விண்ணப்பித்தால், அவர்கள் 'உடனடி உறவினர்' என்ற வகையில் சேர்க்கப்படுவதால், ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பு அவர்களைத் தடுப்பதில்லை. ஆனால் கிரீன் கார்டு, அதாவது நிரந்தர வசிப்புரிமை மட்டும் பெற்றவர் பெற்றோரை அழைக்க முடியாது. அவர் குடியுரிமை பெறும்வரை காத்திருக்க வேண்டும். கிரீன் கார்டுக்கான வரிசையிலேயே பல ஆண்டுகள் நிற்கும் இந்தியர்களுக்கு இது பெரும் தடையாகிறது. தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி மனு அளிக்க வேண்டும் என்பதும், அழைப்பவரின் வருமானம் அரசு வரையறுத்த வறுமைக் கோட்டைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் பலர் பிந்தியே அறியும் விவரங்கள். கிரீன் கார்டு வாங்கிக்கொண்டு ஊரிலேயே நீண்ட காலம் தங்கிவிடுபவர், அந்த உரிமையைக் கைவிட்டவராகக் கருதப்படும் ஆபத்தும் உண்டு.

பிரிட்டன்: நோய்க்குச் சான்று

பிரிட்டனில் 2012 ஜூலை 9 வரை, 65 வயது கடந்த, பிள்ளையின் வருமானத்தையே பெரிதும் நம்பியிருந்த பெற்றோர், ஊரில் ஆதரவுக்கு வேறு நெருங்கிய உறவினர் இல்லை என்று காட்டிக் குடியேற வழி இருந்தது. தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் அந்த வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டன. இப்போது விண்ணப்பிக்கும் பெற்றோர், குளிப்பது, உடுத்துவது, சமைப்பது போன்ற அன்றாடக் காரியங்களைப் பிறர் உதவியின்றிச் செய்ய இயலாத அளவுக்கு முதுமையாலோ நோயாலோ உடற்குறையாலோ தளர்ந்திருக்க வேண்டும். அதோடு, பிள்ளை பணம் அனுப்பினாலும்கூடத் தேவையான பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது என்றோ, கிடைத்தாலும் செலவு கட்டுப்படியாகாது என்றோ நிறுவ வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் சிக்கல் இறுகுகிறது. பெற்றோரை அரசு உதவியின்றி ஐந்தாண்டு காப்பாற்றுவதாக உறுதிமொழி தரும் அளவுக்குப் பிள்ளைக்கு வசதி இருக்க வேண்டும். ஆனால் அதே வசதியைக் கொண்டு சென்னையிலோ மதுரையிலோ வீட்டோடு ஓர் ஆளை வைத்துக்கொள்ளவோ, நல்ல முதியோர் இல்லத்தில் சேர்க்கவோ முடியுமென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். நடமாட முடிந்தவருக்குத் தகுதி இல்லை. தகுதி வந்தவருக்கு நெடுந்தூர விமானப் பயணம் தாங்குமா என்பதே கேள்விக்குறி. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விதிகள் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும் முதியவரின் மன நலத் தேவைகளும் உணர்வுத் தேவைகளும் மருத்துவச் சான்றோடு காட்டப்பட்டால், அவற்றையும் பராமரிப்பின் பகுதியாகக் கருத வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. விதிகளைத் தளர்த்தக் கோரிப் போராடியவர்களில் பிரிட்டனில் பணியாற்றும் இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கமும் ஒன்று.

கனடா: குலுக்கலும் சூப்பர் விசாவும்

ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவில், பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்தில் நிலுவை மலைபோல் குவிந்ததால், 2011 நவம்பரில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. 2014-இல் திட்டம் மீண்டும் திறக்கப்பட்டபின், முந்துபவர்க்கு முதலிடம் என்ற முறையும் குலுக்கல் முறையும் மாறி மாறி நடைமுறைக்கு வந்தன. 2019 ஜனவரியில் இணையவழிப் பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே இடங்கள் நிரம்பிவிட்டன. 2020-இன் இறுதியில் விருப்பம் தெரிவித்துப் பதிந்துகொண்டவர்களின் பட்டியலிலிருந்தே 2025 வரையிலும் அழைப்புகள் அனுப்பப்பட்டன என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளில் தகுதி பெற்ற பிள்ளைகளுக்குப் பெயர் பதியவே வாய்ப்பில்லாமல் போயிற்று. குலுக்கலில் பெயர் விழுந்தவரும், கியூபெக் நீங்கலான பகுதிகளில், பெற்றோரின் செலவுகளுக்கு 20 ஆண்டுகள் தாமே பொறுப்பு என்று உறுதியளிக்க வேண்டும்.

நிரந்தர வழி அடைபட்டதற்கு ஈடாக 2011 டிசம்பரில் வந்தது சூப்பர் விசா. பத்தாண்டுவரை செல்லுபடியாகும் இந்த விசாவில் பலமுறை வந்து போகலாம். 2022 ஜூலை 4 முதல் ஒரே வருகையில் தொடர்ந்து ஐந்தாண்டு தங்கலாம். இதற்குப் பிள்ளையின் வருமானம் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாதிருக்க வேண்டும். குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் போன்றவை ஏற்கெனவே இருந்தால் அவற்றுக்கான சிகிச்சையைக் காப்பீடு ஏற்குமா என்பதை ஒப்பந்தத்தில் வரிவரியாகப் படித்தே தீர வேண்டும். சூப்பர் விசாவில் வருபவர் எத்தனை ஆண்டு தங்கினாலும் விருந்தாளியாகவே கருதப்படுவார். அரசின் மருத்துவ வசதியோ முதியோர் ஓய்வூதியமோ அவருக்கு இல்லை.

ஆஸ்திரேலியா: விலையும் வரிசையும்

ஆஸ்திரேலியாவில் முதற்படி 'குடும்பச் சமநிலைத் தேர்வு'. பெற்றோருடைய பிள்ளைகளில் பாதிப்பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அங்கே கூடுதலான பிள்ளைகள் இருக்க வேண்டும். ஒரு மகள் மெல்போர்னிலும் இரண்டு மகன்கள் தமிழ்நாட்டிலும் இருந்தால், அந்த மகன்கள் பெற்றோரைக் கவனிக்கிறார்களா இல்லையா என்று பார்க்காமலேயே இத்தேர்வில் அந்தப் பெற்றோர் தோற்றுவிடுவார்கள். தேறியவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கட்டணம் குறைந்த விசாவுக்கு 30 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். பங்களிப்பு விசா எனப்படும் மற்றொன்றுக்குத் தலைக்கு 43,600 ஆஸ்திரேலிய டாலர் இரண்டாம் தவணையாகச் செலுத்த வேண்டியிருந்தும், அதன் வரிசையும் 14 ஆண்டுகளைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு 8,500 இடங்கள் மட்டுமே ஒதுக்கப்பட, நிலுவையோ ஒரு லட்சத்துக்கும் மேல். அறுபது வயதில் முதல் வழியில் விண்ணப்பிப்பவர், விசா கைக்கு வரும்போது தொண்ணூறைக் கடந்திருப்பார். 2023-இல் அந்நாட்டின் குடிவரவு முறையை ஆராய்ந்த குழு, கிடைக்கப்போகாத விசாவுக்கு விண்ணப்பம் வாங்குவது கொடுமை என்ற கருத்தையே பதிவுசெய்தது.

தாசில்தார் அலுவலகத்தில் தொடங்கும் பயணம்

எந்த நாடானாலும் உறவை நிரூபிப்பதே முதல் வேலை; அந்த வேலை பெரும்பாலும் உள்ளூர் அலுவலகங்களில் இழுபறியாகிறது. பிறப்பைக் கட்டாயமாகப் பதிவுசெய்யும் சட்டம் இந்தியா முழுமைக்கும் 1969-இல்தான் இயற்றப்பட்டது என்பதால், இன்று எழுபதைக் கடந்தவர்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருப்பதில்லை. பதிவு இல்லை என்று உள்ளாட்சி அமைப்பு தரும் சான்றும், பள்ளி மாற்றுச் சான்றிதழும், உறவினர் அளிக்கும் பிரமாணப் பத்திரமும் அதற்கு ஈடாகச் சேர்க்கப்படுகின்றன. பெயர் இன்னொரு தலைவலி. மகனின் பிறப்புச் சான்றிதழில் 'லட்சுமி' என்றும், குடும்ப அட்டையில் 'மகாலட்சுமி' என்றும், பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து கணவர் பெயரோடும் இருக்கும் தாய், மூவரும் ஒருவரே என்று சான்று பெற வேண்டியிருக்கிறது. ஓய்வூதியம் பெறுபவராக இருந்தால், ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழை அயல்நாட்டிலிருந்து அளிக்கும் வழியையும் புறப்படும் முன்பே கேட்டறிவது நல்லது.

இத்தனை தடைகளையும் கண்டு சலித்த சில குடும்பங்கள், சுற்றுலா விசாவில் அழைத்துவந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றன. இது ஆபத்தான எண்ணம். அமெரிக்கச் சட்டம், சுற்றுலா விசா கேட்பவர் குடியேறவே வருகிறார் என்று முதலில் எடுத்துக்கொண்டு, அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அவர் மீதே சுமத்துகிறது. பிரிட்டனில் இத்தகைய பெற்றோருக்கான குடியேற்ற விசாவுக்கு நாட்டுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதித்த நாட்களுக்கு மேல் தங்கிவிட்டால், அடுத்த முறை பேரனின் திருமணத்துக்குக்கூடப் போக முடியாத நிலை வரலாம்.

ஆகவே பெற்றோர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இந்த முடிவை எடுக்க வேண்டும். எந்த வகை விசா சாத்தியம், அது வருகைக்கா வசிப்புக்கா, உடல்நலம் குன்றினால் செலவு யாருடையது ஆகிய கேள்விகளுக்கு அந்தந்த நாட்டு அரசின் நடப்பு விதிகளைப் பார்த்தோ, உரிமம் பெற்ற ஆலோசகரைக் கேட்டோ விடை காண வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால் தெரிந்தவர் சொன்னதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்பாக, தெருவும் கோயிலும் பேச்சுத்துணையும் விட்டு வர அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும். விசா அதிகாரி கேட்காத அந்தக் கேள்வியைப் பிள்ளைகள்தாம் கேட்டாக வேண்டும்.