நிற்கத் தெரிந்த கார்தான் நல்ல கார்!

பழைய அம்பாசடரின் டிரம் பிரேக்கை வீட்டிலேயே புதுப்பிக்கும் முறை

செங்கோட்டையை விட்டு மேற்கே போனால் புளியரை வரும். அதைத் தாண்டியதும் மலை ஏற்றம் தொடங்கிவிடும். ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லத்துக்குப் போகிற பாதை அது. 'எஸ்' எழுத்தைப்போல் வளைந்து திரும்பும் இடமும் அங்கே உண்டு. எதிரே பாரம் ஏற்றிய லாரிகள் வந்துகொண்டே இருக்கும்.

ஏறும்போது காருக்கு வேண்டியது என்ஜின் பலம். இறங்கும்போது வேண்டியது என்ன? பிரேக்!

இந்த வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பெயிண்டு பளபளக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், பிரேக் பிடிக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

தாத்தா காலத்துக் கார்

பழைய கார் என்றதும் நினைவுக்கு வருவது அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, மேற்கு வங்காளத்தில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இது செய்யப்பட்டது. 1957-ல் வந்த இந்தக் காரின் உற்பத்தி 2014-ல் நின்றது. ஆனாலும், தாத்தா வாங்கிய காரை விற்க மனம் வராமல் பேரன் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

பழைய அம்பாசடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். 1902-ல் பிரெஞ்சுக்காரரான லூயி ரெனோ புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது.

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புச் சட்டி. அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு 'ஷூ'க்கள் இருக்கும். ஷூவின் மேல் லைனிங் ஒட்டியிருக்கும். பெடலை அழுத்தினால் ஷூக்கள் விரிந்து டிரம்மை உரசும். கார் நிற்கும்.

காலின் பலம் சக்கரத்துக்கு எப்படிப் போகிறது? பிரேக் ஆயில் வழியாகப் போகிறது. டாக்டர் ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். அழுந்தாது. காற்றை நிரப்பி அழுத்தினால் பஞ்சுபோல் அழுந்தும். பிரேக் ரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. குழாயில் ஆயில் மட்டும் இருந்தால் பிரேக் பிடிக்கும். காற்று புகுந்தால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது!

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழி. ஒரு சக்கரத்தில் கசிந்து ஆயில் தீர்ந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். மிஞ்சுவது கைபிரேக் ஒன்றுதான்.

முதல் வேலை

சமதளமான இடத்தில் காரை நிறுத்துங்கள். பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றக் கைபிரேக்கை விடுவிக்க வேண்டியிருக்கும். ஆகவே மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டின் மேல் காரை இறக்குங்கள். செங்கல் அடுக்கி நிறுத்தாதீர்கள். செங்கல் திடீரென்று நொறுங்கும்.

டிரம் வர மறுக்கிறதா? அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். மரச் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

டிரம்மைக் கழற்றியதும் கறுப்புத் தூசி தெரியும். வாயால் ஊதாதீர்கள்! பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம். முகமூடி கட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்பது மறந்துபோனால், மறுபக்கத்துச் சக்கரம் வழிகாட்டும். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை அழுத்தக் கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

எதை மாற்ற வேண்டும்?

லைனிங் தேய்ந்து ரிவிட் தலை வரை வந்துவிட்டால் ரிவிட் டிரம்மைக் கீறும். லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தாலும் அது உதவாது. துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுவது சிக்கனம் ஆகாது. லைனிங்கை மாற்றும்போது இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடையலாம். இதற்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மேல் கடைந்தால் டிரம் மெலிந்துவிடும். அப்போது புது டிரம்தான் வழி.

அடுத்து வீல் சிலிண்டரைப் பாருங்கள். அதன் ரப்பர் உறையை விலக்கினால் ஈரம் தெரிகிறதா? தெரிந்தால் கசிவு என்று பொருள். உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். வழவழப்பாக இருந்தால் ரப்பர்களை மட்டும் மாற்றினால் போதும். இந்த ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். புதிய பிரேக் ஆயிலால் துடைப்பதே சரி.

அப்பாவும் மகனும்

நான்கு சக்கரங்களும் முடிந்ததும் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'ஏர் எடுப்பது' என்பார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். மகன் பெடலில் கால் வைத்திருப்பான். அப்பா சக்கரத்தருகே ஸ்பேனரோடு இருப்பார்.

"அழுத்துலே!"

"அழுத்திட்டேன்ப்பா!"

அப்பா நிப்பிளைத் திறப்பார். ஆயிலோடு காற்றுக் குமிழ்கள் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்பார். முந்திக்கொண்டு காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் உள்ளதை நோக்கி வர வேண்டும். இடையிடையே ஆயில் ஊற்ற மறக்கக் கூடாது. வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவும் கூடாது.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய 'டாட் 3' ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி அளவிலேயே கொதித்துவிடலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் ஆவியாகும். ஆவியும் காற்றைப்போல் பஞ்சாக அழுந்தும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள்.

கடைசியாக, சக்கரம் சுற்றாதபடி அட்ஜஸ்டரை முறுக்கி, பின்பு தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். பெடல் கல்போல் உறுதியாக இருக்க வேண்டும். முதல் ஓட்டம் சமதளத்தில், மெதுவாகத்தான். பெடல் கொஞ்சம் தாழ்ந்தாலும், கார் ஒரு பக்கம் இழுத்தாலும் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள்.

மலையிலும் சாரலிலும்

புது பிரேக் ஆனாலும் அதற்கும் எல்லை உண்டு. டிரம்முக்குள் சூடு அடைபட்டுக் கிடக்கும். சூட்டில் டிரம் விரியும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். ஆகவே இறக்கம் முழுவதும் பெடலில் காலை வைத்தபடி வராதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். என்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும்.

குற்றாலத்துச் சீசன் காலத்தில் இன்னொரு கவனமும் தேவை. தேங்கிய நீரில் இறங்கி வந்தால் டிரம்முக்குள் நீர் புகுந்து பிரேக் வழுக்கும். மெதுவாக ஓட்டியபடி பெடலை இலேசாக அழுத்தி வாருங்கள். உரசும் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும்.

இவ்வளவு வேலைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாமல் போகலாம். இரண்டு ஞாயிறுகள் போனாலும் போகட்டும். மலையிலிருந்து இறங்கும் அந்தக் காரில் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா?